கெட்டி நேரம், சில்லறை நேரம்

"சொந்தத் தொழில்தானே, நேரம் உங்க கையில. பிள்ளைகளையும் பக்கத்திலேயே வச்சுப் பார்த்துக்கலாம்." நான் வீட்டிலிருந்து புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்பவள் என்று தெரிந்ததும் பலரும் சொல்வது இதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நேரம் கையில் இருப்பது என்றால் என்ன என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், யார் கூப்பிட்டால் எழுந்து போகலாம், யார் கூப்பிட்டால் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் தினமும் நாமே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்த முடிவுகளைப் பாதி நாள் தூங்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எடுக்கவும் வேண்டும்.

சம்பள வேலையில் இருப்பவர்களுக்காக இந்த முடிவுகளை எடுத்து வைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் போராட்டம் நடந்திருக்கிறது. 8 மணி நேரம் உழைப்பு, 8 மணி நேரம் பொழுதுபோக்கு, 8 மணி நேரம் ஓய்வு என்ற முழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலை முதலாளியாக இருந்தே சீர்திருத்தம் பேசிய ராபர்ட் ஓவன் காலத்திலேயே எழுந்துவிட்டது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே வேலை நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தொழிலகங்களில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: ஒரே குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் தொழிலுக்கு இந்த வரம்பு பொருந்தாது. வீட்டுக்குள் நடக்கும் தொழிலைச் சட்டம் அன்றைக்கே வீட்டாரிடம் விட்டுவிட்டது. நமக்கு நாமேதான் மணி அடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மூன்று எட்டுகளில் பிள்ளை எங்கே வருகிறது? பொழுதுபோக்கிலா, உழைப்பிலா? குழந்தையைக் குளிப்பாட்டுவதும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் ஓய்வில் சேராது. சம்பளம் இல்லாததால் உழைப்பாகவும் எண்ணப்படுவதில்லை. சுயதொழில் செய்யும் பெற்றோரின் நாள் கணக்கு எப்போதும் இடிப்பது இந்த இடத்தில்தான்.

சரி, கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி வெளியிட்ட பரிந்துரைப்படி 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். பிள்ளை இரவில் 10 மணி நேரம் தூங்குகிறது, நாம் 7 மணி நேரம் தூங்குகிறோம் என்றால் இடையில் மிஞ்சுவது 3 மணி நேரம். "பிள்ளைங்க தூங்கினதும் முடிச்சுக்கலாம்" என்று நாம் தள்ளிவிடும் அத்தனை வேலையும் இந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும். அடுக்களை ஒழிப்பது, மறுநாளைக்கு எடுத்து வைப்பது, கணவனும் மனைவியும் நின்று நாலு வார்த்தை பேசுவது எல்லாம் போக அதில் என்ன மிஞ்சும் என்று அவரவரே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நாள் முழுக்க ஓடி ஓய்ந்த மூளைக்கு அந்த நேரத்தில் என்ன தெம்பு இருக்கும் என்பது வேறு கேள்வி. அதனால் இரவு நேரத்தை நம்பி வேலை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரவு அவசரத்துக்கு மட்டும்தான்.

விடியற்காலை எழுவதைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். நாலரைக்கு எழுந்தால் ஒன்பதரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். வீட்டில் அது நடக்கும் என்றால் தாராளமாக எழுந்திருக்கலாம். நடக்காது என்றால் அது தூக்கத்தைத் திருடி வேலைக்குக் கொடுப்பது, அவ்வளவுதான்.

அப்போ நேரம் எங்கிருந்துதான் வரும்? என் அனுபவத்தில் மணிக்கணக்கை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தின் தரத்தை எண்ணத் தொடங்கினால்தான் வழி பிறக்கும். ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு வகை. யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற உறுதியோடு தொடர்ச்சியாகக் கிடைப்பது கெட்டி நேரம். பிள்ளை பள்ளியிலிருக்கும் மணிகள், கணவர் குழந்தையை வெளியே கூட்டிப்போகும் மணிகள் இதில் சேரும். மற்றதெல்லாம் சில்லறை நேரம். அது காலையில் பத்து நிமிடம், வண்டிக்குக் காத்திருக்கும்போது கால் மணி, சாயங்காலம் மகள் படம் வரைந்துகொண்டிருக்கும் இருபது நிமிடம் என்று வரும். சில்லறைக் காசைச் சேர்த்து நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். நேரத்தில் அது நடக்காது. பன்னிரண்டு பத்து நிமிடங்கள் சேர்ந்தாலும் இரண்டு மணி நேர வேலை நடக்கவே நடக்காது.

ஏன் நடக்காது என்பதற்கு என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். அடிக்குறிப்புகள் நிறைந்த ஒரு ஆய்வு நூலை அடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் படத்தை இரண்டு வரி கீழே இறக்கினால் அந்தப் பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவும். அந்த வரியில் ஒரு அடிக்குறிப்பு எண் இருந்தால் குறிப்பும் கூடவே போகும். குறிப்பு போனதால் அங்கே இடம் குறைந்து, அடுத்த அத்தியாயம் ஒரு பக்கம் தள்ளித் தொடங்கும். பொருளடக்கத்தில் எண்கள் மாறும். இது எல்லாமே கொஞ்ச நேரத்துக்குத் தலைக்குள் ஒன்றாக நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, "அம்மா, என் நீலக் கலர் பென்சில் எங்க?" என்று ஒரு குரல். பென்சிலை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்தக் குறிப்பு எங்கே தாவியது என்பது தலையில் இருக்காது. மறுபடி மூன்று பக்கம் பின்னால் போக வேண்டும்.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். இதை நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பென்சில் தேடும்போது என் மனது அடிக்குறிப்பில் நிற்கிறது. குழந்தை சொல்லும் கதை பாதிதான் காதில் விழுகிறது. வேலைக்குத் திரும்பினால் அவள் முகம் வாடியதா என்ற நினைப்பு கூடவே வருகிறது. நஷ்டம் வேலைக்கு மட்டும் இல்லை.

அதே லெராய் பின்னால் தெரேசா கிளோம்புடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய மருந்தும் இருக்கிறது. பாதியில் எழுந்திருக்க நேர்ந்தால், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று குறித்து வைத்துவிட்டு எழுந்தால் மிச்சம் ஒட்டுவது குறைகிறது. இதற்கென்று மேசையில் ஒரு துண்டுக் காகிதக் கட்டு இருக்கிறது. "ப. 112, குறிப்பு 7 அடுத்த பக்கம் போயிடுச்சு, படத்தை ஒரு வரி ஏத்தணும்." இவ்வளவுதான் எழுதுவது. பெரியவளுக்கு ஏழு வயது, அவளுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். "ஒரு வரி எழுதிட்டு வர்றேன்டா" என்றால் பக்கத்தில் வந்து நின்று பேனா நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதி முடித்ததும் நான் முழுசாக அவள் பக்கம் திரும்புகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் பொறுமை வந்தது என்று நினைக்கிறேன்.

சின்னவனுக்கு மூன்று வயது. அவனிடம் "அரை மணி நேரம் பொறு" என்றால் ஒரு பொருளும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வேண்டும். எங்கள் வீட்டில் அது மேசை விளக்கு. விளக்கு எரிந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள், அப்பாவிடம் போக வேண்டும். அணைந்திருந்தால் மடியில் ஏறலாம். இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமென்றால் நாமும் நாணயமாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு போனைப் பார்த்துக்கொண்டு விளக்கை எரிய விட்டால் இரண்டே நாளில் அந்த விளக்குக்கு மரியாதை போய்விடும். விளக்கு எரியும்போதும் எதற்கெல்லாம் கூப்பிடலாம் என்று பெரியவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: ரத்தம் வந்தால், தம்பி உயரத்தில் ஏறினால், வாசலில் தெரியாத ஆள் வந்தால். மற்றதெல்லாம் அப்பாவிடம், அல்லது விளக்கு அணைந்த பிறகு. பட்டியல் சின்னதாக இருப்பதால் அவளுக்கு அது நினைவில் நிற்கிறது.

இதில் "அப்பாவிடம்" என்ற சொல்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. உலகம் முழுக்கச் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்கள்தான் செய்கிறார்கள், ஆண்களைப் போல 3.2 மடங்கு, என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணுக்கு இது இன்னும் இறுகிவிடும். பள்ளியிலிருந்து போன் வந்தாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும், உறவினர் யாருக்காவது துணைக்குப் போக வேண்டியிருந்தாலும், "நீ வீட்டுலதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வாக்கியத்துக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வீட்டுலதான் இருக்கேன் அத்தை, ஆனா வேலையில இருக்கேன். மூணு மணிக்கு மேல நானே கூப்பிடறேன்." கோபமில்லாமல், விளக்கம் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் அதே சொற்கள். இப்போது அத்தையே மூன்று மணிக்கு மேல்தான் அழைக்கிறார்.

கணவரோடு பேச வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை இரவு பேசிவிடுகிறோம். அந்த வாரத்தில் என் கெட்டி நேரங்கள் எவை, அவருடையவை எவை, இரண்டும் மோதும் இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்பதுதான் பேச்சு. "உதவி பண்றேன்" என்ற சொல்லை அவரே விட்டுவிட்டார். செவ்வாய் சாயங்காலம் பிள்ளைகள் அவர் பொறுப்பு என்றால் பசி, அழுகை, காணாமல் போன செருப்பு எல்லாமே அவர் பொறுப்புதான். பக்கத்து அறையிலிருந்து நான் குரல் கொடுத்து வழி சொன்னால் அது கெட்டி நேரம் ஆகாது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பேச்சு தாத்தா பாட்டியோடோ, காப்பகத்தோடோ, இதே நிலையில் இருக்கும் இன்னொரு பெற்றோரோடோ நடக்க வேண்டும். ஒரு நாள் அவர் வீட்டில் இரண்டு பேர் பிள்ளைகளும், இன்னொரு நாள் நம் வீட்டில். காசே செலவில்லாமல் கெட்டி நேரம் கிடைக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி அது.

சில்லறை நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இன்வாய்ஸ் போடுவது, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது, கோப்புகளை பேக்கப் எடுப்பது, "கிடைத்தது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி பதில் போடுவது எல்லாம் அதில் நடக்கும். இவற்றை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்திருந்தால் பத்து நிமிடம் கிடைக்கும்போது என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். கெட்டி நேரம் கிடைத்ததும் மின்னஞ்சலைத் திறக்காமல் இருப்பது இதைவிட முக்கியம். அது கடினமான வேலைக்கு மட்டும்தான்.

பிள்ளைகள் விழித்திருக்கும் சில்லறை நேரத்தில் எனக்கு ஒரு எல்லை உண்டு. அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கை வேலை செய்வேன், திரை வேலை செய்ய மாட்டேன். பார்சல் கட்டுவதையும், அச்சுப்படியை அடுக்குவதையும், முகவரி ஒட்டுவதையும் அவர்களும் சேர்ந்து செய்யலாம். போனில் கிளையண்டுக்குப் பதில் அடித்துக்கொண்டே "உம், உம், சொல்லு" என்பது யாருக்கும் நேரம் மிச்சம் பண்ணுவதில்லை. பதிலும் தப்பாகப் போகும், குழந்தையும் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

இனி தேதி கொடுப்பது. சுயதொழிலில் மானமும் வருமானமும் இதில்தான் நிற்கிறது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள், முன்பு இதே வேலை இழுத்தது தெரிந்திருந்தும் அப்படித்தான் செய்வார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வர்ஸ்கியும் 1979இல் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டுச் சொன்னார்கள். அவர்கள் காட்டும் வழி, இந்த வேலை எப்படிப் போகும் என்று மனதில் ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைப் போன்ற முந்தைய வேலைகள் எவ்வளவு இழுத்தன என்று பார்ப்பது. அதற்குக் குறிப்பு வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கெட்டி மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். புது வேலை வந்தால் அந்த நோட்டைப் பார்த்துதான் தேதி சொல்கிறேன். ஆர்வமோ, கிளையண்டின் அவசரமோ தேதியை முடிவு செய்ய விடுவதில்லை.

அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம் என்பார்கள் மருத்துவர்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு என்றால் ஆண்டில் எத்தனை வாரம் யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள் என்று பாருங்கள். காய்ச்சலை நாம் எதிர்பாராத தடங்கல் என்று பேசுகிறோம். இத்தனை முறை வருவது எப்படி எதிர்பாராதது ஆகும்? மின்கட்டணம் போல அது கணக்கில் ஏறியே தீர வேண்டும். வாரத்தில் நான்கு கெட்டிப் பகல்கள் இருந்தால் மூன்றை வைத்துத்தான் நான் தேதி சொல்கிறேன். நான்காவது காய்ச்சலுக்கானது. காய்ச்சல் வராத வாரத்தில் வேலை முன்கூட்டியே முடியும், யாருக்கும் கஷ்டமில்லை.

மூன்றும் போதாமல் போகும் வாரமும் வரும். அப்போது கிளையண்டிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்வதுதான் நல்லது. "குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வியாழக்கிழமை தருவதாகச் சொன்னதைத் திங்கட்கிழமை தருகிறேன், முதல் இரண்டு அத்தியாயத்தை இன்றே அனுப்பிவிடுகிறேன்." காரணம் ஒரு வரி, புதுத் தேதி ஒன்று, கையில் இருப்பதில் ஒரு பகுதி. மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கடைசி நாள் வரை மௌனமாக இருப்பதைத்தான் யாராலும் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

பகல் தூக்கத்தை நம்பித் தொழிலைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தை தூங்கும் நேரம் பொன்னான நேரம்தான், ஆனால் அது நிரந்தரம் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் பகல் தூக்கத்தை விட்டுவிடுகிறார்கள். சின்னவன் இப்போது அந்த எல்லையில் இருக்கிறான். ஒரு நாள் தூங்குகிறான், மறுநாள் தூங்குவதில்லை. அதனால் அந்த மணிகளை ஏற்கெனவே சில்லறைப் பக்கம் மாற்றி எழுதிவிட்டேன்.

நேர அட்டவணையைக் கடிகார மணியில் கட்டுவதைவிட நிகழ்வில் கட்டுவது பிள்ளைகள் உள்ள வீட்டில் நிலைக்கும். "எட்டு நாற்பதுக்கு வேலை" என்றால் ஒரு காலுறை காணாமல் போனாலே அட்டவணை உடைந்துவிடும். "அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, இவனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, வந்து கதவைச் சாத்தியதும் விளக்கைப் போடுவது" என்றால் எட்டே முக்காலானாலும் ஒன்பதானாலும் வரிசை உடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு செய்தி: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை. ஒரு நாள் கலைந்ததும் "எல்லாம் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்" என்று விட்டுவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். மறுநாளே தொடரலாம். திங்கட்கிழமை வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

பள்ளி விடுமுறை மாதத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் தாங்காது. அதைத் தனியாகத்தான் திட்டமிட வேண்டும். விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே வழக்கமான பதிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டுவிடுகிறேன்: அந்த மாதத்தில் புது நூல் எதுவும் எடுக்க மாட்டேன், முன்பே அடுக்கிய நூல்களின் திருத்தங்களை மட்டும் பார்ப்பேன், அட்டைப்பட வேலை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வருமானம் குறையும் மாதம் அது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிவதால் மற்ற மாதங்களிலிருந்து அதற்கென்று கொஞ்சம் ஒதுக்க முடிகிறது. சென்ற ஆண்டு ஒரு பதிப்பாளர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் அடுத்த நூலை ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பி வைத்தார். இந்த ஆண்டுக்கான கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன், விடுமுறைத் தேதிகளைப் பள்ளி அறிவித்ததும் அனுப்பிவிடுவேன்.